மொட்டைப் பனைக்கு அப்பால்

போடிநாயக்கனூர்
30-12-1954

சாந்தகுமாரிக்குப் பெத்துராஜ் எழுதுவது.

போடி வந்து சேர்ந்துவிட்டேன். சேர்ந்தானா, வழியில் எங்காவது விழுந்து கிடக்கிறானா என்று அங்கே யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

முந்தாநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா முறத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தாள். தலைக் கிறிஸ்துமசுக்குப் புதுச் சட்டையும் புது பூட்சுமாக மாமனார் வீட்டுக்குப் போன மகன், முழங்கால் வரை காய்ந்த சேறும் கையில் ஒற்றை பூட்சுமாக வந்து நிற்கிறான். "என்னய்யா கோலம் இது? இன்னொரு பூட்ச மாமியா வீட்டுல புடுங்கிக்கிட்டாகளா?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னேன். உன் சித்தி வீட்டார், உன் அம்மா, நண்டு பிடிக்கிற இரண்டு தடியன்கள், இத்தனை பேர் பார்க்க உன் அப்பா ஓடிவந்து, பிடரியில் ஒரு கை, வாயில் ஒரு கை என்று என்னை அமுக்கினார். கத்துகிற ஆட்டை அமுக்குகிற மாதிரி. எதற்கு? நான் எவன் வீட்டுப் பெண்ணையாவது கையைப் பிடித்து இழுத்தேனா? இரண்டு சத்தம் கொடுத்தேன். கொக்கு பறந்துவிட்டதாம். உங்கள் ஊரில் கொக்குக்கு இருக்கிற மரியாதை மருமகனுக்கு இல்லை.

போடிக் கடைத்தெருவில் என்னை 'ஏய்' என்று கூப்பிட ஆள் கிடையாது. என் அப்பாகூட என்மேல் கை வைத்ததில்லை. உன் அப்பா கை வைத்தார், அதுவும் என் வாயில். அந்தக் கையில் கருப்பட்டி வாசனை அடித்தது. இன்னும் மூக்கில் நிற்கிறது, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே ஒன்று சொல்கிறேன். உன் அப்பா போடிக்கு வர வேண்டும். என் அம்மாவுக்கும் எங்கள் பெரியப்பாவுக்கும் முன்னால், செய்தது தப்பு என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் முள்ளிக்காயல் மண்ணை மிதிக்க மாட்டேன். பிள்ளை பிறந்தாலும் சரி.

பெத்துராஜ்


முள்ளிக்காயல்
5-1-1955

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. வராததை எழுதினால் பொய்யாகும்.

கடிதம் படித்தேன். அதில் உங்கள் பூட்ஸ் இருக்கிறது, சட்டை இருக்கிறது, பெரியப்பா இருக்கிறார், கருப்பட்டி வாசனைகூட இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டு சேற்றில் நின்ற நான் எங்கே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி நடந்தீர்களே, அது எந்த ஊர் மரியாதை?

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன்.

காலையில் பனங்காட்டு வழியாகப் போகும்போது எல்லாரும் பேசிக்கொண்டுதான் போனோம். அம்மா உங்களுக்கு இளம்பனை வடலியைக் காட்டி, ஆள் உயரத்துக்கு வந்துவிட்ட இதற்குப் பத்து வயது என்றாள். நீங்கள் நம்பவில்லை. சிரித்தீர்கள். மேலே ஓலை உரசுகிற சத்தத்தைக் கேட்டு, மழை வருது, வெரசா நடங்க என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

தலையில்லாத அந்த மொட்டைப் பனை வந்தது. அப்பா நின்றார். "மாப்பிள, இனிமே வாய் பேசக் கூடாது. இங்கெருந்து கழிமுகம் வரைக்கும் கூடு. முட்டையும் குஞ்சுமா இருக்கு. தொண்டை கமறுனாக்கூட முழுங்கிருங்க" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் பார்த்தேன். மார்கழி பிறந்தால் பங்குனி முடிய இதுதான் எங்கள் ஊர் நடைமுறை. கிறிஸ்துமசுக்கு எங்கள் ஊரில் ஒரு வெடி வெடித்ததை நீங்கள் கேட்டீர்களா?

அதற்கு அப்புறம் இருக்கிற நடைதான் நான் சின்ன வயதிலிருந்து நடந்தது. மணல் முடிந்து ஈரம் தொடங்கும். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். அதற்கு நடுவில் மிதிக்கிற இடம் தெரிந்து மிதிக்க வேண்டும். சிவப்புக் காலை நண்டு ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு வளைக்குள் போகும். மேலே நாரையும் வக்காவும் கூடு கூடாக. ஆள் பேசாவிட்டால் அவை ஆளை மரமாக நினைத்துக்கொள்ளும், தலைக்கு மேலேயே குஞ்சுக்கு ஊட்டும். அதை உங்களுக்குக் காட்டத்தான் கூட்டிப் போனேன். என்னிடம் நகை நட்டு தவிரக் காட்டுவதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் கத்தினீர்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. காடே கிளம்பியது. பெரிய பறவைகள் பதறி எழும்பும்போது கூட்டைக் காலால் தட்டிவிடும், உங்களுக்கு அது தெரியாது. குஞ்சுகள் மழை மாதிரி சேற்றில் விழுந்தன. நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே பருந்தும் காக்காயும் வந்து சேர்ந்தன. என் சித்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார ஆள் இல்லை. "மருமவன கூட்டிட்டு வந்து காட்ட அழிச்சிட்டாரு" என்று அப்பா காதுபடப் பேசுகிறார்கள். அப்பா தலை குனிந்துகொண்டு வருகிறார். அவர் போடிக்கு வந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

உங்கள் பூட்சைச் சேற்றிலிருந்து அப்பாதான் தோண்டி எடுத்தார். கழுவிக் காயவைத்திருக்கிறோம். வேண்டுமானால் பார்சலில் அனுப்புகிறேன்.

சாந்தகுமாரி


போடிநாயக்கனூர்
14-1-1955

சாந்தகுமாரிக்கு,

பூட்சை அனுப்ப வேண்டாம். என்னிடம் இருந்த மற்றொன்றையும் குப்பையில் போட்டுவிட்டேன்.

பறவைக்காக நீ வரிந்து கட்டிக்கொண்டு எழுதின அழகைப் பார்த்தேன். புருஷனுக்காக ஒரு வரி? ஒரே ஒரு வரி? 'அப்பா அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று எழுத உனக்கு மை தீர்ந்துபோனதோ?

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நடைமுறை. எங்கள் மலையில் வாய் திறக்காமல் நடக்கிறவன் வீடு திரும்ப மாட்டான். அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய்.

சொன்னது சொன்னதுதான். உன் அப்பா வரட்டும்.

பெத்துராஜ்


முள்ளிக்காயல்
24-1-1955

அத்தானுக்கு,

அப்பா கிளம்பிவிட்டார். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை அம்மா ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அடுக்கினாள். சீலாக் கருவாடு தனியாகக் கட்டினாள். அப்பா வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு, "பிள்ளைக்காகப் போறேன். காலுல விழச் சொன்னாலும் விழுதேன். மாப்பிளைக்குக் கோவம் நியாயந்தான், பொது எடத்துல நான் கை வச்சிருக்கக் கூடாது" என்றார். பஸ் வருகிற பாதை வரைக்கும் நானும் கூடப் போனேன். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்தேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். இத்தனை நாள் என் அம்மாவிடம்கூடச் சொல்லாததை.

'எங்கள் மலையில் வாய் திறக்காமல் நடக்கிறவன்' என்று எழுதினீர்களே, தெரியும் என்றீர்களே. ஆமாம், தெரியும். எப்படித் தெரியும்? கல்யாணம் முடிந்த மறுமாதம், ஆனியில், என்னை ஏலத்தோட்டம் காட்டக் குரங்கணி வழியாக மலைக்குக் கூட்டிப் போனீர்கள். நீங்கள் முன்னால், களையெடுக்கப் போகிற சிலமலை ஊர்ப் பெண்கள் நடுவில், நான் கடைசியில். ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பதில் குரல் கொடுக்க வேண்டும் என்று கீழேயே சொன்னீர்கள். எனக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. இரண்டு மூன்று வளைவுக்குக் கொடுக்கவும் செய்தேன்.

ஒற்றைமர வளைவில் இருவாச்சி ஒன்று, மரப்பொந்தில் அடைந்து கிடக்கிற பெட்டைக்குப் பழம் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தது. நான் அதுவரைக்கும் அப்படி ஒரு பறவையைப் பார்த்ததே இல்லை. கூட்டைக் கண்டால் வாயை மூடு என்று வளர்த்தார்கள். மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் கூப்பிட்டது காதில் விழுந்தது. பதில் கொடுத்தால் அது பறந்துவிடுமே என்று நின்றேன். நீங்கள் ஓடிவந்தீர்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டு அறைந்தீர்கள். மருதாயி, கருத்தம்மா, அத்தனை பெண்களும் பார்த்தார்கள். என் கம்மல் தெறித்துப் புதரில் விழுந்தது. மருதாயிதான் தேடி எடுத்துத் தந்தாள். அன்று சாயங்காலம் கீழே இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் குரல் கொடுத்தேன். அழுதுகொண்டே கொடுத்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டதும் அப்பா பெட்டியை இறக்கி வைத்தார். பஸ் வந்து நின்று போய்விட்டது. "வா மக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான்.

என் அப்பா உங்கள் வாயைப் பொத்தினார், நீங்கள் என் கன்னத்தில் அறைந்தீர்கள். இதில் எது பெரிது என்று உங்கள் பெரியப்பாவையே கேளுங்கள். என் அப்பா இனி வர மாட்டார். வருகிறேன் என்றாலும் நான் விட மாட்டேன். அந்தக் கருப்பட்டியை இங்கே நாங்களே தின்றுகொண்டிருக்கிறோம்.

சாந்தகுமாரி


போடிநாயக்கனூர்
2-2-1955

சாந்தகுமாரிக்கு,

புருஷன் பெண்சாதிக்குள் நடந்ததை நடுரோட்டில், பஸ் வருகிற இடத்தில் வைத்துச் சொன்னாயாக்கும். நல்லது. உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகு ஒட்டவைத்து மறுபடி படித்தேன். ஆகவே பதில் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்லாமல் விட்டேன். புதுப்பெண் பயப்படுவாளே என்று விட்டேன். நீ மலை ஏறினதற்கு ஒரு வாரம் முன்னால், அதே ஒற்றைமர வளைவில், எங்கள் தோட்டத்து ஆள் உக்கிரபாண்டியை யானை மிதித்தது. அவன் பீடி பற்றவைக்க ஒதுங்கினான். நான் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வருவான், எங்கே போய்விடுவான் என்று நான் மேலே நடந்துவிட்டேன். சாயங்காலம் லோடு இறக்கின ஆட்கள்தான் பார்த்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். எதைத் தூக்கினோம் என்று எழுத மாட்டேன்.

அதே வளைவில் உன்னைக் கூப்பிடுகிறேன், பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறேன், இல்லை. நான் எப்படிக் கீழே ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது. வந்து பார்த்தால் அம்மணி அண்ணாந்து வேடிக்கை பார்க்கிறாள். கை போய்விட்டது. உயிருக்குப் பயந்து போன கை அது. உன் உயிருக்கு. அதற்கு நான் யார் முன்னாலும் தலை குனிய மாட்டேன்.

இன்னொன்று. அன்றைக்குக் காயலில் நான் ஏன் கத்தினேன் என்று இதுவரைக்கும் உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா? கொழுப்பெடுத்துக் கத்தினேன் என்று நினைத்தீர்களா? என் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தேன். அது வரவில்லை, கால்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒருவரும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வேர், ஒரே மாதிரித் தண்ணீர். தடம் என்று ஒன்றும் கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு நீ எந்தப் பக்கம் போனாய், எதில் வழுக்கி விழுந்தாய் என்று ஒன்றும் தெரியவில்லை. குரல் கொடுத்தேன். பதில் இல்லை. சாந்தி, எங்கள் மலையில் பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். மறுபடியும் கொடுத்தேன். அதற்குப் பதிலாகத்தான் உன் அப்பா கை வந்தது.

நீ கேட்டாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

பெத்துராஜ்


போடிநாயக்கனூர்
20-2-1955

சாந்தகுமாரிக்கு,

பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம் என்று இதை எழுதுகிறேன். உடம்புக்கு எப்படி இருக்கிறது? இது ஏழா எட்டா என்று அம்மா கேட்கிறாள்.

பெத்துராஜ்


போடிநாயக்கனூர்
18-3-1955

சாந்தகுமாரிக்கு,

இது மூன்றாவது கடிதம். வேண்டுமென்றுதான் எழுதாமல் இருக்கிறாய் என்று தெரிகிறது. என்னை எங்கே குத்தினால் வலிக்கும் என்று உனக்கே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே உன் பெயரால் எனக்கு நடக்கிற மரியாதையைக் கேள். போன வாரம் மலையில், ஒற்றைமர வளைவில் நான் குரல் கொடுக்கிறேன். எல்லாரும் பதில் கொடுத்தாயிற்று, கடைசியில் வந்த மருதாயி கொடுக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "என்ன தாயி, வாய் இல்லையா?" என்றேன். "இருக்குய்யா. குடுக்காட்டா அய்யா அடிப்பீகளான்னு பாத்தேன்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருத்தியும் அதை மறக்கவில்லை. அதோடு விட்டாளா, சந்தைக்கு வந்தபோது என் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, தட்டை 'ணங்'கென்று வைக்கிறாள்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இதை யாரிடம் காட்டுவது? நீ இருந்தாலாவது சண்டை போடலாம்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பெத்துராஜ்


முள்ளிக்காயல்
9-4-1955

அத்தானுக்கு,

போன சனிக்கிழமை விடியற்காலம் பெண் பிறந்தாள். நல்ல நிறம், உங்கள் மூக்கு. தந்தி அடிக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்தது, நானே எழுதுகிறேன்.

வேண்டுமென்றுதான் எழுதாமல் இருந்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமலும்தான்.

கேட்டது. இரண்டு குரலும் கேட்டது. நான் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றேன். முதல் குரலுக்கே என் வாய் திறந்துவிட்டது. என் கையாலேயே பொத்திக்கொண்டேன். என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அப்போது புரியவில்லை, மலைக்காரக் கொழுப்பு என்றுதான் நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, உக்கிரபாண்டி சங்கதியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "தெரிஞ்சிருந்தா நான் கை வச்சிருப்பனா? முன்னாலேயே சொல்லித் தொலைச்சா என்ன, மாப்பிள!" என்று உங்களை நேரில் திட்டுகிற மாதிரி சுவரைப் பார்த்துத் திட்டினார். அவருக்கும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது என் பங்கைக் கேளுங்கள். வலி வந்தபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பழக்கம். பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி மிரள்கிறாள். வெளியில் நின்ற அப்பா கதவைத் தட்டி, "கத்து மக்கா! நல்லா வாய் விட்டுக் கத்து! பறவ போனா போவுது!" என்றார். என் அப்பா சொன்னார் இதை. கத்தினேன். பனங்காடு தாண்டிக் கேட்டிருக்கும். 'அத்தான்' என்றுதான் கத்தினேனாம், அம்மா சொல்லிக் காட்டுகிறாள். எத்தனை தடவை கத்தியும் பதில் வரவில்லை. நீங்கள் போடியில் உட்கார்ந்து மரியாதை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. உங்கள்மேல் இன்னும் ஆத்திரம்தான் வந்தது, குறையவில்லை.

நீங்கள் பயந்தீர்கள், சரி. நம்புகிறேன். பயந்தால் கத்துங்கள். என்னைத் திட்டுங்கள், உட்கார்ந்து அழுங்கள். கை மட்டும் வரக் கூடாது. நாளைக்கு இவள் மலையில் ஏதாவது பறவையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் மகள், நிற்கத்தான் செய்வாள். அப்போதும் உங்கள் கை இப்படித்தான் போகும் என்றால் இவள் முள்ளிக்காயலிலேயே வளரட்டும். இவள் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மே பதினைந்து, ஞாயிறு, ஞானஸ்நானம். லில்லி என்று பெயர். தகப்பன் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதில் யார் நிற்பது என்று போதகர் கேட்கிறார். அப்பா மன்னிப்புக் கேட்டு வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வருவதாக இருந்தால், அந்தப் பெண்கள் எங்கே சிரித்தார்களோ அந்த வளைவில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். மருதாயிக்கு எழுதத் தெரியாது, ஆனால் சொல்லிவிட ஆள் கிடைக்கும்.

சாந்தகுமாரி


போடிநாயக்கனூர்
29-4-1955

சாந்திக்கு,

மகள் பிறந்ததை ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்ட தகப்பன் இந்தப் போடியில் நான் ஒருவன்தான். இதற்காக உன்னிடம் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னதைச் செய்தேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா தட்டை வைக்கிற சத்தம் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஒற்றைமர வளைவில் எல்லாரையும் நிறுத்தினேன். என்ன பேசுவது என்று கீழேயிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஏறினேன், வளைவு வந்ததும் மறந்துவிட்டது. "போன ஆனியில இந்த எடத்துல எங்க வீட்டம்மாவ நான் அடிச்சது தப்பு. போங்க, அவுகவுக சோலியப் பாருங்க" என்றேன். ஒருத்தியும் நகரவில்லை. மருதாயி, "அதை எங்ககிட்ட எதுக்குய்யா சொல்றீக? நாங்களா அடி வாங்கினோம்?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் யானையே வந்திருந்தாலும் அதுதான் ஓடியிருக்கும்.

அவள் சொன்னது சரிதான் என்று இறங்கும்போது தோன்றியது. ஆகவே உனக்கும் எழுதுகிறேன். தப்பு. இனி உன்மேலும் கை வராது, லில்லிமேலும் வராது. எழுதியாயிற்று. இதை எடுத்து வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வாசித்துக் காட்டாதே.

சனிக்கிழமை பதினாலாம் தேதி பஸ்சில் வருகிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு வர மாட்டேன். மாமா ஒன்றும் சொல்ல வேண்டாம். நானும் அவரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவருடைய காட்டை நான் கெடுத்ததற்கு எனக்கு வாயில் வார்த்தை இல்லை. இப்போது கூட்டில் குஞ்சு இருக்கிறதா, இல்லையா என்று அவரிடம் கேட்டு எழுது. இல்லை என்றால் அந்த மொட்டைப் பனையடியில் நின்று ஒரு குரல் கொடுப்பேன். ஒரு தடவைதான் கொடுப்பேன். பதில் வந்தால் வீட்டுக்கு வருகிறேன். வராவிட்டால் அதே பஸ்சில் திரும்பிவிடுவேன்.

பெத்துராஜ்


முள்ளிக்காயல்
6-5-1955

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மருதாயியும் சொல்லிவிட்டாள், நீங்கள் எழுதினதைவிடக் கூடுதலாகவே.

கூடு எல்லாம் காலி. கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டது என்று அப்பா சொல்லச் சொன்னார். அடுத்த மார்கழிக்கு அவை திரும்பி வருமா, வராதா என்பது தெரியாது. ஊரில் இன்னும் சிலர் எங்களோடு பேசுவதில்லை, உங்களைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்புவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா மொட்டைப் பனைக்கு வந்து நிற்பார். உங்கள் பூட்சைக் கையில் வைத்திருப்பார், அதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.

ஒரு தடவைதான் குரல் கொடுப்பேன் என்று வீம்பு பேசாதீர்கள். இரண்டு தடவை கொடுங்கள். முதல் குரலுக்கு நான் பதில் கொடுக்க மாட்டேன். அது அந்தக் குரங்கணி அறைக்கு. நீங்கள் நின்று, பயந்து, மறுபடியும் கூப்பிட வேண்டும். இரண்டாவது குரலுக்கு லில்லியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று நான் கொடுக்கிற பதில் போடி வரைக்கும் கேட்கும்.

சாந்தி